குட்டைத் தண்ணீர்

தனகோட்டியின் காரை இரண்டு உழவு மாடுகள் இழுத்துக்கொண்டு செஞ்சிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது, சிரிக்காத வாய் அன்றைக்கு ஊரில் இல்லை. வேர்க்கடலை மண்டி வைத்திருந்த தனகோட்டி கஞ்சி போட்ட கதர்ச் சட்டையோடு பின்சீட்டில் உட்கார்ந்து, சந்தையில் விலைபோகாத சரக்கு மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். முன்சீட்டில் டிரைவர் தோமினிக். மாடு இழுக்கிற வண்டிக்கு ஸ்டியரிங் பிடிப்பதைவிடக் கேவலமான உத்தியோகம் உலகத்தில் உண்டா என்று யோசித்துக்கொண்டே பிடித்திருந்தான்.

நடந்தது இதுதான். அவலூர்ப்பேட்டைச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில், ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. சுதந்திரம் வந்த மறு சித்திரை அது. ராஜகிரி மலைப்பாறை முழுக்க அடுப்புக்கல்லாய்க் காய்ந்து கிடந்த நேரம். தோமினிக் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கழனிக் கிணற்றுக்கு ஓடினான். ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தவன் அவனை மேலும் கீழும் பார்த்து, "நீ எந்தத் தெரு?" என்று கேட்டான். தோமினிக் சொன்னான். "அங்கியே நில்லு. கெணத்துக்காரரு இல்ல, நான் குடுக்க முடியாது" என்று சொல்லி அவன் முதுகைத் திருப்பிக்கொண்டான். தனகோட்டி நினைத்திருந்தால் இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துண்டால் விசிறிக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் மாடுதான் வந்தது.

வீட்டு வாசலில் கலியபெருமாள் காத்திருந்தான். தனகோட்டியின் மனைவி சுந்தராம்பாளுக்குத் தம்பி. விழுப்புரத்தில் மூன்று மாதம் தங்கி டிரைவர் லைசென்ஸ் வாங்கி வந்தவன். லைசென்ஸ் எப்போதும் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. வண்டி ஓட்டத்தான் வரவில்லை. தை மாதம் ஒருநாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்று காரை வைக்கோல் போருக்குள் விட்டுவிட்டு, போர் குறுக்கே வந்துவிட்டது என்று சொன்னவன்.

"நான் சொல்லட்டுமா மாமா? பெட்ரோல்ல மண்ணெண்ணெ கலந்திருக்கான். ரேஷன் கூப்பன்ல வர பெட்ரோல வெளிய வித்துட்டு, மண்ணெண்ணெய ஊத்தி ரொப்பிட்டான். இஞ்சின் கொதிக்காம இன்னா பண்ணும்?"

தோமினிக்கின் காது சிவந்துவிட்டது. "மொதலாளி, டாங்கிய தொறந்து மோந்து பாருங்க. மண்ணெண்ணெ வாட அடிச்சா என்ன செருப்பால அடிங்க."

தனகோட்டி மோந்து பார்க்கவில்லை. கடைத்தெருச் சிரிப்பு இன்னும் அவர் காதுக்குள்ளே இருந்தது. "திங்கக்கெழம வண்டிய திண்டிவனத்துக்கு இஸ்துகினு போறோம். மெக்கானிக் பாத்துட்டு டிரைவர் மேல தப்புன்னு சொன்னான்னா, தோமினிக்கு, அன்னியோட உனக்கும் இந்த வண்டிக்கும் தீர்ந்துது" என்றார்.

"நாளைக்கு ஒரு நாள் குடுங்க மொதலாளி. மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி கொட்டாயிலியே பாத்துடறேன். கோளாறு இன்னான்னு தெரிஞ்சிட்டா, மாடு கட்ட வேண்டியதில்ல."

மாடு என்ற சொல் வேலை செய்தது. திண்டிவனம் கடைத்தெருவிலும் மாட்டுக்குப் பின்னால் ஊர்வலம் போவதைத் தனகோட்டி நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். "சரி, பாரு" என்றார். மச்சான் உள்ளே போனபிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "நீ நல்லா ஓட்டறவன். உன்ன அனுப்ப எனக்கும் மனசில்ல. பெல்ட்டு கிழிஞ்சத பாக்கல, ஆயிலு ஊத்த மறந்துட்டேன், இந்த மாதிரி ஏதாச்சும் இருந்தா இப்பவே ஒத்துக்க. திட்டிட்டு வுட்டுடறேன். மனுசன்னா தப்பு பண்ணாம இருப்பானா?"

"என் மேல தப்பு இல்ல மொதலாளி."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் தோமினிக் கெட்டான் என்று பிற்பாடு அவன் பெண்டாட்டி சொல்லுவாள். அது அப்புறம்.

அந்த டிரைவர் சீட்டு அவனுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. அவனுடைய நைனா கடைத்தெருவுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். மாதாகோயிலில்கூட அவர்கள் தெருவுக்கென்று இடதுபக்கம் ஒரு மூலை ஒதுக்கியிருந்தது. சாமி வேறாக இருந்தாலும் மூலை மட்டும் மாறவில்லை. தோமினிக் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லையில் மூன்று வருஷம் லாரி ஓட்டினான். அங்கே எல்லோருக்கும் ஒரே தண்ணீர் டாங்கி. முதல் நாள் அதில் வாய் வைக்குமுன் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். மூன்றாம் நாள் மறந்துவிட்டது. திரும்பி வந்து செஞ்சி பஸ் நிற்கும் இடத்தில் இறங்கினானோ இல்லையோ, எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. தனகோட்டி அவனை டிரைவராக வைத்தபிறகு ஒரே ஒரு இடத்தில் மட்டும் மறுபடியும் மறக்க முடிந்தது. காக்கிச் சட்டை, கால்களில் செருப்பு, கடைத்தெரு நடுவில் உட்கார்ந்தபடி போகிற சவாரி. நிற்கிறவர்கள் எல்லாம் நின்றுகொண்டிருக்க, அவன் உட்கார்ந்திருந்தான். அந்த உட்காருதலுக்காக அவன் சம்பளமே இல்லாமல்கூட வண்டி ஓட்டியிருப்பான். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் அவன் பெண்டாட்டி இருதயமேரி எல்லாவற்றையும் கேட்டாள். முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டே கேட்டவள், தனகோட்டி சொன்ன கடைசிப் பேச்சு வந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஒத்துக்க வேண்டியதுதான? ஆயிலு ஊத்த மறந்துட்டேன்னு ஒரு பொய் சொன்னா இன்னா, வாய் வெந்துடுமா?"

"செய்யாத தப்ப எதுக்கு ஒத்துக்கணும்? மடியில கனமில்ல, எனக்கு வழியில இன்னா பயம்?"

"நீ மடியப் பாக்கற, அவங்க உன் மூஞ்சியப் பாக்கறாங்க. தப்பு பண்ணவன கூட மன்னிச்சி வெச்சிக்குவாங்க. தப்பே பண்ணாதவன் நம்ம தெருவுல இருந்தா அவங்களுக்கு ஆவாது."

பெண் பிள்ளைக்கு என்ன தெரியும் இஞ்சினைப் பற்றி என்று தோமினிக் நினைத்துக்கொண்டான். அவள் இஞ்சினைப் பற்றிப் பேசவே இல்லை என்பது அவன் மண்டைக்கு எட்டவில்லை.

சனிக்கிழமை காலையில் கார் கொட்டகையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குப் பக்கவாட்டில் கொட்டகை. அதைத் தாண்டித் துவைக்கிற கல். அதற்கு அப்பால் கிணறு. கொட்டகைவரை அவன் வரலாம், துவைக்கிற கல்லைத் தாண்டக் கூடாது. யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. கால் தானாகவே நின்றுகொள்ளும்.

கோளாறு பார்ப்பதில் அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் மூக்கு, அப்புறம் காது, கடைசியில்தான் கை. அவசரப்பட்டு ஸ்பேனரை எடுக்கிறவன் இல்லாத கோளாறையும் உண்டாக்கிவிடுவான். டாங்கியை மோந்தான், சுத்தமான பெட்ரோல். ஆயில் அளக்கிற கம்பியை உருவிப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது, தண்ணீர் கலந்த நுரை இல்லை. பேன் பெல்ட்டை விரலால் அழுத்தினான்; தொய்வு இல்லை, வெடிப்பு இல்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். நாலும் ஒன்றுபோல வறுத்த கடலைத் தோல் நிறத்தில் இருந்தன. அதுவே கலியபெருமாளுக்குப் பதில். மண்ணெண்ணெய் என்றால் கரி அப்பியிருக்க வேண்டும். கலியபெருமாள் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். "இதெல்லாம் எனக்கும் தெரியும்" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாவது பரவாயில்லை, இவன் கூடத்துக்குள்ளேயே வராதவன்.

சுந்தராம்பாள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் காத்தாயியிடம் கொடுத்தனுப்பி நாலு சக்கரத்துக்கும் திருஷ்டி கழிக்கச் சொன்னாள். காத்தாயி அந்த வீட்டில் கிணற்று வேலையும் மாட்டு வேலையும் பார்க்கிறவள். அவள் பழத்தைச் சுற்றி நசுக்குகிறவரை தோமினிக் ஒதுங்கி நின்றான். அப்புறம் வழக்கம்போல டின்னில் தண்ணீர் மொண்டு வந்து ரேடியேட்டரை நிரப்பிவிட்டு, ஹாண்டிலைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பினான்.

காது கொடுத்துக் கேட்டான். தாளம் தப்பவில்லை. இஞ்சின் சூடேறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, உள்ளங்கையை ரேடியேட்டரின் முகத்தில் வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தான். மேலே சுட்டது. ஒரு சாண் இறங்கினதும் கை நின்றது. நடுவில் சில்லென்று இருந்தது. இடதுபக்கம் வெதுவெதுப்பு, வலதுபக்கம் மறுபடியும் சில்லென்று. காய்ச்சல்காரனின் தலை கொதித்து வயிறு ஜில்லிட்டிருப்பதைப் போல. கொதிநீர் மேலேயே நிற்கிறது, கீழே இறங்க வழி இல்லை. உள்ளே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுக் கீழே இருந்த திறப்பைத் திருகினான். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினான். பொத்துக்கொண்டு வந்தது சேறு. செக்கச்செவேல் என்று, குயவன் பிசைந்து வைத்த மண் மாதிரி, கொழகொழவென்று அவன் முழங்கையில் வழிந்தது. அந்த மண்ணை அவனுக்குத் தெரியும். மாட்டுக் குட்டை மண்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "வண்டிக்குத் தண்ணி எங்கம்மா எடுக்கறது?" என்று சுந்தராம்பாளிடம் கேட்டான். அவள் கிணற்றைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "வண்டிக்குத்தான? அது இன்னா குடிக்கவா போவுது? மாட்டுக் குட்டையில மொண்டுக்க." அவர்கள் தெருக் கிணறோ உப்பு, அதுவும் கோடையில் ஒரு குடத்துக்குச் சண்டை. குட்டையிலேயே டின்னை முக்கினான். பட்டாளத்தில் படித்துப் படித்துச் சொன்ன பாடம் சுத்தமான தண்ணீர் என்பதுதான். தெரிந்தும், பழைய வேட்டித்துணியில் வடிகட்டி ஊற்றிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான். எருமை படுத்தெழுந்த தண்ணீரை எந்த வேட்டி வடிகட்டும்? கிணற்றுத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சீட்டு போயிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்த அறிவு இப்போது எங்கே போயிற்று என்று அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். கோளாறு கண்டுபிடித்த சந்தோஷம் சாராயத்தைவிட மோசமானது, ஆளைத் தலைகீழாக நிறுத்திவிடும்.

"மொதலாளி! வந்து பாருங்க மொதலாளி! மெக்கானிக்கே வேணாம்!" என்று கத்தினான்.

தனகோட்டி வந்தார். சேற்றைப் பார்த்தார். தோமினிக் மூச்சு விடாமல் சொன்னான்: குட்டைத் தண்ணி, வண்டல், குழாய் அடைப்பு, நல்ல தண்ணீர் விட்டு அலசினால் சரியாகிவிடும். தனகோட்டி உள்ளே திரும்பி, "காத்தாயி, கெணத்துல எறைச்சி ஊத்து" என்றார்.

அலசின கூத்தைத்தான் பார்க்க வேண்டும். தோமினிக் தொட்ட டின் கிணற்றடிக்குப் போகக் கூடாது. காத்தாயி கொண்டுவரும் குடம் அவன் கைபட்ட புனலைத் தொடக் கூடாது. அவன் புனலை ரேடியேட்டர் வாயில் வைத்துவிட்டு மூன்று அடி தள்ளி நிற்க, அவள் குடத்தை உயரத் தூக்கி ஊற்றினாள். பாதி தண்ணீர் பானெட்டில், பாதி அவள் காலில். "மெதுவா ஊத்து காத்தாயி, வெரசா ஊத்தினா வெளிய போவுது!" என்று அவன் தூரத்திலிருந்து கத்த, "நீ இன்னும் தள்ளி நில்லுய்யா, சாரல் அடிக்குது!" என்று அவள் திருப்பிக் கத்த, வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. இதே காரில் அவன் பிடித்த கதவைப் பிடித்துத்தான் அத்தனை பேரும் ஏறினார்கள், அவன் சட்டை உரசின சீட்டில்தான் சாய்ந்தார்கள். இரும்புக்குத் தீட்டில்லையாம். இரும்புக்கு ஊற்றும் தண்ணீருக்கு உண்டாம். இந்தச் சட்டத்தை யார் எழுதினார்களோ, அவர்கள் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் குடங்கள் சிவப்பாகவே வெளியேறின. அவன் கம்பியால் குத்திக் குத்தி வழி பண்ணினான். அப்புறம் பழுப்பு, அப்புறம் காவி, கடைசியில் கிணற்றுத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீராகவே கீழே விழுந்தது. திறப்பை மூடி நிரப்பி, இஞ்சினைக் கிளப்பி, மறுபடி உள்ளங்கையை வைத்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சூடு இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு.

"ஏறுங்க மொதலாளி" என்றான்.

சிங்கவரம் போய், அங்கிருந்து அவலூர்ப்பேட்டை ரோட்டில் நாலு மைல் போய்த் திரும்பினார்கள். கலியபெருமாளும் பின்னால் ஏறிக்கொண்டான். அத்தனை வெயிலிலும் ஒரு இழை ஆவி இல்லை. வேண்டுமென்றே கடைத்தெரு வழியாக வந்தான் தோமினிக். நேற்றுச் சிரித்தவர்கள் எல்லாம் இன்றைக்கு வழி விட்டார்கள். இரண்டு தடவை ஹாரன் அடித்தான். ஒரு தடவைக்குத்தான் அவசியம் இருந்தது.

கொட்டகையில் இறங்கினதும் தனகோட்டி அவன் எதிரில் நின்று, "கெட்டிக்காரன்டா நீ" என்றார். மச்சான் பக்கம் திரும்பி, "மண்ணெண்ணெ கலந்தான்னு சொன்னியே, இப்ப இன்னா சொல்ற?" என்று கேட்டார். கலியபெருமாள் முறுக்குப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப, தண்ணிதான் காரணம்?"

"ஆமா மொதலாளி. சுத்தமா தண்ணிதான். வேற ஒண்ணுமே இல்ல. இனிமே நல்ல தண்ணி ஊத்தினா பத்து வருசத்துக்குக் கவலையில்ல."

தனகோட்டி கிணற்றைப் பார்த்தார். அன்று அவன் பார்த்த சுந்தராம்பாளின் பார்வையேதான். கிணறு, அப்புறம் அவன்.

"அப்ப இனிமே கெணத்துத் தண்ணிதான் ஊத்தணும்."

"ஆமா மொதலாளி!" அந்த நொடியில் தோமினிக் என்னென்னவோ நினைத்துவிட்டான். துவைக்கிற கல்லைக்கூடத் தாண்டிவிட்டான், மனசுக்குள்.

"அதுக்குக் கெணத்துல எறைக்கற ஆளுதான வண்டி ஓட்டணும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டு விடையைச் சொல்லுகிறவர் போலச் சொன்னார். அதுதான் அவனுக்குச் சுரீர் என்றது.

"காத்தாயி எறைச்சி ஊத்தட்டும் மொதலாளி, இன்னிக்கி ஊத்தின மாதிரி."

"வூட்டுல காத்தாயி ஊத்துவா. வழியில? நேத்து இன்னா ஆச்சி? கெணறு பக்கத்துல இருந்துச்சி, டின்னு உன் கையில இருந்துச்சி. ஒரு பொட்டு தண்ணி குடுத்தானா? கலியபெருமாளு போய்க் கேட்டிருந்தா குடுத்திருப்பானா இல்லியா, நீயே சொல்லு."

தோமினிக் ஒப்புக்கொண்டான்: "குடுத்திருப்பான் மொதலாளி."

"உன் மேல தப்பே இல்ல தோமினிக்கு. எவன் கேட்டாலும் சொல்லுவேன், எழுதிக்கூடக் குடுக்கறேன். வண்டிக்கு ஒத்து வரல, அவ்ளோதான். மண்டியில மூட்ட தூக்கற வேல இருக்குது, நாளன்னிக்கி வா." கொஞ்சம் யோசித்து, "போறதுக்கு முன்னாடி இந்தக் கைய வெச்சிப் பாத்தியே, அத அவனுக்கு ஒரு தடவ காட்டிட்டுப் போ" என்றார்.

காட்டினான். கலியபெருமாளை ரேடியேட்டர் மேல் கை வைக்கச் சொல்லி, மேலே எங்கே சுடும், கீழே எங்கே சுட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். கலியபெருமாளின் கையில் நெய் முறுக்கு வாசனை அடித்தது. ஏன் சொல்லிக்கொடுத்தாய் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவனால் பதில் சொல்ல முடியாது. தெரிந்த வேலையைக் கேட்டால் சொல்லிவிடுகிற சாதி ஒன்று உண்டு. அது வேறு சாதி, அதற்குத் தெரு கிடையாது.

சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவனை சுந்தராம்பாள் கூப்பிட்டாள். "அந்த டின்ன வுட்டுட்டுப் போறியே, எடுத்துகினு போ. இங்க அத யாரு தொடுவாங்க?"

டின்னை எடுத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தான். செருப்பைக் கழற்றவில்லை; யாராவது கேட்கட்டும் என்றே நடந்தான். யாரும் கேட்கவில்லை. காரில்லாத தோமினிக்கை யாரும் கவனிக்கவே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பாதித் தெருவில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஒதுங்கினான். கார் முட்டி மோதிக்கொண்டு அவனைத் தாண்டிப் போயிற்று, கியர் மாற்றத் தெரியாமல் உறுமிக்கொண்டு. ஆனால் ஆவி இல்லை. சுத்தமாக ஆவியே இல்லை. அவ்வளவு நன்றாக வேலையைப் பார்த்து முடித்திருந்தான் தோமினிக்.

இருதயமேரி வாசலிலேயே நின்றிருந்தாள். அவன் முழங்கையில் காய்ந்த செம்மண்ணைப் பார்த்தாள்.

"இன்னா கோளாறுன்னு தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது."

"உன் மேல தப்பா?"

"இல்ல. என் மேல தப்பே இல்லன்னு மொதலாளியே சொல்லிட்டாரு. வண்டி நல்லா ஓடுது."

அவள் முகம் மலர்ந்தது. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டிருந்தாளாம், சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவன் கையில் தொங்கியது கண்ணில் பட்டது.

"அப்பறம் டின்ன எதுக்கு வூட்டுக்குத் தூக்கியாந்த?"

தோமினிக் டின்னை அவள் காலடியில் வைத்தான். அடியில் இன்னும் ஒரு கை அளவு குட்டைத் தண்ணீர் கிடந்தது.

"அங்க அத யாரும் தொட மாட்டாங்களாம்" என்றான்.